நெட் ரேடியோ சவுண்டை சரி பண்ணினது, பிட்ரேட்டைத் தொடாம

நண்பர்கள் சேர்ந்து நடத்துற ஒரு ஆன்லைன் ரேடியோவோட டெக்னிக்கல் வேலையை நான் எடுத்துக்கிட்டப்போ கேக்குறவங்ககிட்ட இருந்து வந்துட்டிருந்த புகார் மொத்தமும் மூணு வகைதான். பாட்டு நல்லா கேக்குது ஆனா பேசுறவங்க குரல் சில போன்ல வரவே மாட்டேங்குது, ஒரு பாட்டு கத்துது அடுத்த பாட்டு முனகுது, அரை மணி நேரத்துக்கு மேல கேட்டா காது வலிக்குது. இதுக்கு எல்லாரும் சொன்ன ஒரே வைத்தியம் பிட்ரேட்டை (ஒரு நொடிக்கு அனுப்புற டேட்டாவோட அளவு) ஏத்து, 128 கேபிபிஎஸ்ல இருந்து 320க்குப் போன்னு. நான் அதுல கை வைக்கல. ஏன்னா என்கோடர்ங்கிறது மைக்ல இருந்து சர்வர் வரைக்கும் சவுண்டு போற வரிசைலயே கடைசி ஆள், அவன்கிட்ட என்ன குடுக்குறோமோ அதைத்தான் அவன் சுருக்கி அனுப்புவான், கெட்டுப்போன சவுண்டை 320ல அனுப்பினா கெட்டுப்போன சவுண்டுதான் இன்னும் துல்லியமா போய்ச் சேரும்.

செலவையும் பாருங்க. 128 கேபிபிஎஸ்ல ஒரு மணி நேரம் கேட்டா கேக்குறவருக்கு 57.6 எம்பி டேட்டா போகும், 320ல 144 எம்பி. நம்ம சர்வர் பக்கம் ஒரே நேரத்துல 100 பேர் கேட்டா 12.8 எம்பிபிஎஸ் போதும்ங்குறது 32 எம்பிபிஎஸ் ஆயிடும். இவ்வளவும் குடுத்துட்டு மேல சொன்ன மூணு புகார்ல ஒண்ணுகூட தீராது.

அதனால முதல்ல செஞ்சது கேக்குறவர் பக்கத்துல இருந்து பின்னாடி நடந்து வர்றதுதான். ஸ்டூடியோல ஹெட்போன் மாட்டிட்டு கேட்டா எல்லாமே பிரமாதமாதான் இருக்கும், அதை நம்பக்கூடாது. ஸ்ட்ரீமை வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு பண்ணேன், அதே நேரத்துல என்கோடருக்குப் போறதுக்கு முன்னாடி இருக்குற சவுண்டையும் பட்ல தனியா ரெக்கார்டு பண்ண விட்டேன் (பட்னா நாங்க ஒலிபரப்புக்கு யூஸ் பண்ற இலவச சாஃப்ட்வேர், ஸ்ட்ரீம் பண்ணிட்டே வேவ் ஃபைலாவும் சேமிச்சுக்கும்), அப்புறம் மிக்சர்ல இருந்து நேரா வர்றதையும் எடுத்தேன். மூணையும் ஆடாசிட்டிங்குற சவுண்டு எடிட்டர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வச்சுப் பார்த்தா எந்த இடத்துல கெடுதுன்னு கண்ணுக்கே தெரியும். இதைப் பண்ணாம எதை மாத்தினாலும் அது குருட்டு வேலைதான்.

குரல் காணாமப் போற விஷயம் அங்கதான் மாட்டுச்சு. ஹெட்போன்ல கேட்டா குரல் இருந்துச்சு, ஆனா நடுவுல இருந்து வராம தலைக்குப் பின்னாடி எங்கேயோ இருந்து பரவலா வர்ற மாதிரி ஒரு சங்கடமான சவுண்டு. ஒரே ஸ்பீக்கர் இருக்குற போன்ல வச்சா பாட்டு ஜோரா பாடுது, பேசுறவர் வாயைத் திறந்ததும் ஒரு மெல்லிசான ஸ் ஸ் சத்தத்தைத் தவிர எதுவும் இல்ல. அலை வடிவத்தை நல்லா பெரிசாக்கிப் பார்த்தேன், இடது சேனல்ல கோடு மேல ஏறுற அதே நொடியில வலது சேனல்ல அதே அளவு கீழ இறங்குது, கண்ணாடில பார்க்குற மாதிரி தலைகீழா. ரெண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினேன், கிட்டத்தட்ட நேர்கோடு ஆயிடுச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுத் தின்னுடுச்சு.

காரணம் ஒரு கேபிள். மைக் மட்டும் மிக்சர் வழியா வருது, பாட்டு கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுது, அதனாலதான் பாட்டுக்கு ஒண்ணும் ஆகல. மிக்சரோட அவுட்புட் பேலன்ஸ்டு வகை, அதுல பிளக்கோட முனையில நேரான சிக்னலும் அடுத்த வளையத்துல அதையே தலைகீழாக்கின சிக்னலும் வரும், வாங்குற பக்கமும் பேலன்ஸ்டா இருந்தா ரெண்டையும் கழிச்சு வழில ஏறின இரைச்சலை அது நீக்கிடும், அருமையான ஏற்பாடு. ஆனா அதே கேபிளை கம்ப்யூட்டரோட ஸ்டீரியோ இன்புட்ல சொருகினா அது முனையை இடது காதுன்னும் வளையத்தை வலது காதுன்னும் எடுத்துக்கும். பிளக் ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்குறதால யாருக்குமே சந்தேகம் வராது. கூடவே 64 கேபிபிஎஸ்ல போயிட்டிருந்த ஏஏசி (எம்பி3 மாதிரி இன்னொரு சுருக்க முறை) ஸ்ட்ரீம்ல இன்னும் மோசம், அந்த ஹெச்இ ஏஏசி ரெண்டாம் வகை ஸ்டீரியோவை அப்படியே அனுப்பாது, ரெண்டையும் ஒரு சேனலா கலந்துட்டு இடம் வலம் பத்தின குறிப்பை மட்டும் கூட அனுப்பும், கலக்குற இடத்துலயே குரல் செத்துடுது.

முனையை மட்டும் இணைச்சு வளையத்தை விட்டுட்ட ஒரு கேபிள் செஞ்சு இடது சேனலுக்கு மட்டும் குடுத்தேன், சாஃப்ட்வேர்ல அந்த ஒரு சேனலையே ரெண்டு பக்கமும் போற மாதிரி மோனோவா மாத்தினேன். குரல் நடுவுக்கு வந்துச்சு, போன்லயும் வந்துச்சு. நெட் ரேடியோ நடத்துற எல்லாரையும் நான் கெஞ்சிக் கேக்குறது இது ஒண்ணுதான், உங்க ஸ்ட்ரீமை ஒரு தடவையாவது மோனோவுல கேளுங்க. கேக்குறவங்கள்ல நிறைய பேர் போனை மேஜை மேல வச்சுட்டு வேலை பார்த்துக்கிட்டே கேக்குறாங்க, அவங்களுக்கு ஸ்டீரியோங்கிறதே கிடையாது.

அடுத்தது இரைச்சல். ரெண்டு இரைச்சல் கலந்து வந்துச்சு. ஒண்ணு அடித்தொண்டைல உம்ம்னு வர்றது, கரண்டோட 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகள்ல 60) அதோட மடங்குகள்ல வர்ற ஹம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் நின்னுச்சு, அப்படின்னா எர்த் லூப்தான், மிக்சரும் லேப்டாப்பும் வேற வேற பிளக்ல இருந்து எர்த் எடுத்து நடுவுல ஆடியோ கேபிள் வழியா ஒரு வட்டம் உருவாயிடுது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போட்டதும் பெருமளவு போயிடுச்சு, மிச்சத்துக்கு லைன்ல ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சேன். சார்ஜரோட எர்த் பின்னை உடைச்சுட்டா சரியாயிடும்னு சில பேர் சொல்வாங்க, உயிருக்கு ஆபத்து, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

இன்னொண்ணு கீச்சுன்னு ஒரே சுதியில விடாம வர்ற சத்தம். அதை அலைவரிசைப் படத்துல (எந்தெந்த அலைவரிசையில எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) பார்த்தா சரியா 1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு ஊசி, 2ல, 3ல சின்னச் சின்ன ஊசிங்க. இந்த எண்ணைப் பார்த்ததுமே ஆள் யார்னு தெரிஞ்சுடும், யூஎஸ்பி ஃபுல் ஸ்பீடு சாதனங்கள் மில்லி செகண்டுக்கு ஒரு தடவை டேட்டா பேசிக்கும், அதாவது நொடிக்கு 1000 தடவை, அந்தத் துடிப்பு யூஎஸ்பி கரண்ட் வழியா மலிவான மைக்கோட ஆடியோ பகுதிக்குள்ள கசியுது. ரெண்டாவதா வச்சிருந்த யூஎஸ்பி மைக்லதான் இது. தனி கரண்டு குடுக்குற ஹப் வழியா மாட்டினதும் கேக்காத அளவுக்கு இறங்கிடுச்சு. இந்த மாதிரி சின்ன இரைச்சலை யாரு கவனிக்கப் போறாங்கன்னு விட்டுடாதீங்க, நாம அதைக் கவனிக்கலைன்னாலும் என்கோடர் அதுக்கும் பிட் ஒதுக்கும், குறைஞ்ச பிட்ரேட்ல அந்த பிட்டெல்லாம் குரல்ல இருந்துதான் திருடப்படுது.

மைக் பத்தி நிறைய எழுத வேண்டியதில்ல. ரூம் நல்லா இல்லைன்னா கண்டென்சர் வேண்டாம், டைனமிக் போதும், அதைப் பக்கத்துல வச்சுப் பேசுறதால ரூம் சத்தம் கம்மியாதான் ஏறும். வாய்க்கும் மைக்குக்கும் 10ல இருந்து 15 சென்டிமீட்டர், நேரா ஊதாம கொஞ்சம் சாய்வா. தூரம் பாதியானா குரல் 6 டெசிபல் ஏறும், ரூம் எதிரொலி அப்படியே இருக்கும், இதை விட மலிவான எதிரொலி வைத்தியம் கிடையாது. பேசுறப்போ மீட்டர்ல உச்சம் மைனஸ் 12ல இருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள நிக்குற மாதிரி கெயினை வச்சுட்டு அதுக்கப்புறம் தொடக்கூடாதுன்னு மிக்சர் மேல ஸ்டிக்கர் ஒட்டி எழுதியாச்சு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற பட்டன் மிக்சர்லயே இருக்கும், அதை அமுக்கினா மேஜை தட்டுறது, ஃபேன் அதிர்வு எல்லாம் போயிடும்.

கம்ப்யூட்டர் செட்டிங்க்ஸ்தான் யாரும் எதிர்பார்க்காத இடம். பாட்டு ஓடிட்டிருக்கும்போது திடீர்னு சவுண்டு பாதாளத்துக்குப் போயி கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வருதுன்னு ஒரு புகார் ரொம்ப நாளா இருந்துச்சு. விண்டோஸ்ல சவுண்டு செட்டிங்ல கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கு, ஏதாவது கால் வந்தா மத்த சவுண்டையெல்லாம் 80 சதவீதம் குறைக்குறதுதான் அதுல டீஃபால்ட். ஒலிபரப்பு நடக்குற கம்ப்யூட்டர்லயே யாரோ வீடியோ கால் எடுத்தா மொத்த ரேடியோவும் அடங்கிடும். ஒண்ணும் செய்யாதேங்குற ஆப்ஷனை வச்சதோட பிரச்சனை காலி. அப்படியே என்ஹான்ஸ்மென்ட்ஸ்னு வர்ற எல்லாத்தையும் அணைச்சேன், யூஎஸ்பி பவர் சேவிங்கை அணைச்சேன் (இது ஆன்ல இருந்தா நடுநடுவுல டிக் டிக்னு வெட்டு விழும்), பஃபரை (கம்ப்யூட்டர் சவுண்டை முன்கூட்டியே சேர்த்து வச்சுக்குற இடம்) 128 சாம்பிள்ல இருந்து 512க்கு ஏத்தினேன். 512ன்னா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 12 மில்லி செகண்டுதான், ரேடியோவுக்கு அதெல்லாம் ஒரு தாமதமே இல்ல.

சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை தடவை சவுண்டை அளந்து எழுதுதுங்குற கணக்கு) எல்லா இடத்துலயும் ஒண்ணாக்கணும். எங்க பாட்டு எல்லாம் 44.1, விண்டோஸ் 48ல இருந்துச்சு, பட் 44.1ல இருந்துச்சு, ஒரே பாட்டு தேவையே இல்லாம ரெண்டு தடவை மாற்றம் ஆகிப் போயிட்டிருந்துச்சு. எல்லாத்தையும் 44.1ன்னு வச்சேன். இதோட சேர்ந்த இன்னொண்ணு, நிகழ்ச்சி பண்ற ஒருத்தர் புளூடூத் ஹெட்செட்ல பேசுவார், அவர் குரல் மட்டும் எப்பவும் போன் கால் மாதிரி இருக்கும். புளூடூத்ல மைக்கை ஆன் பண்ணின உடனே அது பாட்டு கேக்குற மோடை விட்டுட்டு கால் பேசுற மோடுக்குப் போயிடும், அதுல சாம்பிள் ரேட் 8 கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் புதுசா இருந்தா 16. சாம்பிள் ரேட்ல பாதிக்கு மேல இருக்குற அலைவரிசை வரவே வராதுங்குறது கணக்கு, அப்போ குரல்ல 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல, எந்த ஈக்வலைசராலயும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஒயர் ஹெட்செட் குடுத்ததும் அவர் குரல் ஆளே மாறின மாதிரி ஆயிடுச்சு.

இப்போ பாட்டுகளுக்கு வருவோம், எனக்கு ரொம்ப மனசு வலிச்ச இடம் இது. சேகரிப்புல இருக்குற ஃபைல் எல்லாம் 320ன்னு பெருமையா இருக்கும். ஸ்பெக்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர், ஃபைலை இழுத்துப் போட்டா அலைவரிசைப் படம் வரைஞ்சு காட்டும். உண்மையான 320 ஃபைல்ல 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் நிறம் இருக்கும், ஆனா நிறைய ஃபைல்ல 16ல கத்தியால வெட்டின மாதிரி நேரா ஒரு கோடு, அதுக்கு மேல கறுப்பு. அது 128 எம்பி3யை யாரோ திரும்ப 320ஆ மாத்தி வச்சது. சைஸ் பெருசாச்சே தவிர போனது போனதுதான். அதை நாம மறுபடி 128ல என்கோடு பண்ணி அனுப்புறப்போ மூணாவது தடவை சுருங்குது, தாளச் சத்தம் எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி சளசளன்னு ஆகுறது இதனாலதான். (ஒரு எச்சரிக்கை, பழைய ஒலிப்பதிவுல இயல்பாவே மேல் அலைவரிசை இருக்காது, ஆனா அது படிப்படியா மங்கும், நேர்கோடா வெட்டாது, அதை வச்சுப் பிரிச்சு அறியலாம்.) அடிக்கடி போடுற பாட்டுகளுக்கு மட்டும் ஒரிஜினல் சிடில இருந்து ஃப்ளாக்ல (தரம் இழக்காத ஃபைல் வகை) புதுசா எடுத்து மாத்திட்டே வர்றோம், பெரிய வேலைதான், ஆனா மொத்தத்துல அதிக பலன் குடுத்தது எதுன்னா இதுதான்.

பழைய மோனோ பாட்டுகள்ல இன்னொரு நுணுக்கம். இசைத்தட்டுல இருந்து ஸ்டீரியோவா எடுத்த ஃபைல்ல பாட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஆனா உரசல் சத்தம் இடதுல ஒண்ணு வலதுல ஒண்ணு. ஜாயின்ட் ஸ்டீரியோங்குற முறையில என்கோடர் ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை தனியா என்கோடு பண்ணும், இங்க வித்தியாசம்னு இருக்குறது வெறும் உரசல் சத்தம், அதுக்குப் போயி பிட் செலவாகுது. உண்மையான மோனோவா மாத்திட்டா அந்த வித்தியாசம் பூஜ்யம், மொத்த பிட்டும் பாட்டுக்கே. அதோட ரெண்டு பக்க உரசலும் ஒண்ணோட ஒண்ணு சேராததால இரைச்சலும் 3 டெசிபல் அளவுக்குக் குறையும்.

கத்துற பாட்டு முனகுற பாட்டுப் பிரச்சனைக்கு ரீப்ளேகெயின். உச்சத்தை வச்சு நார்மலைஸ் பண்றது உதவாது, காது உச்சத்தைப் பார்த்து சத்தத்தை எடை போடுறதில்ல. ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன் 2010ல கொண்டுவந்த ஆர்128 முறை, காது உணர்ற சத்தத்தை லஃப்ஸ்னு ஒரு அளவுல சொல்லும், அவங்க வச்சிருக்குற இலக்கு மைனஸ் 23. ரீப்ளேகெயினோட ரெண்டாம் பதிப்பு மைனஸ் 18. ரீப்ளேகெயின் ஃபைலோட ஆடியோவைத் தொடாது, இந்தப் பாட்டை இவ்வளவு ஏத்து இவ்வளவு இறக்குன்னு ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும், பாட்டு போடுற மிக்ஸ்ஸும் சர்வர்ல ஸ்ட்ரீமை நடத்துற லிக்விட்சோப்பும் (ரெண்டும் சாஃப்ட்வேர்) அதைப் படிச்சு நடந்துக்கும். சேகரிப்பு மொத்தத்தையும் ராத்திரி ஓட விட்டேன். ஸ்ட்ரீமோட மொத்த சத்தத்தை நான் மைனஸ் 16ல வச்சிருக்கேன், போன் ஸ்பீக்கர்ல வெளிய நடந்துட்டே கேக்குறவங்களுக்கு மைனஸ் 23 பத்தாது.

காது வலி எங்க இருந்து வந்துச்சுன்னா புராசசிங்ல (என்கோடருக்கு முன்னாடி சவுண்டைச் சீராக்குற வேலை) இருந்து. எஃப்எம் ஸ்டேஷனுக்குன்னு செஞ்ச பிரீசெட்டை அப்படியே நெட் ஸ்ட்ரீம்ல போட்டிருந்தாங்க. எஃப்எம்ல ஒலிபரப்புறதுக்கு முன்னாடி மேல் அலைவரிசையைத் தூக்குவாங்க, ரேடியோ பெட்டி அதை இறக்கிக்கும், அதனால அங்க உச்சத்தை கறாரா வெட்டியே ஆகணும். நெட்ல அப்படி எதுவும் தேவையே இல்ல. வெட்டின அலைக்கு முனை முனையா புதுசா ஓசைகள் முளைக்கும், எம்பி3 என்கோடர் அதையெல்லாம் இசைன்னு நினைச்சு பிட்டைக் கொட்டும், கேக்குறவர் காதுல அது மணல் அரைக்குற மாதிரி விழும். உச்சத்தை வெட்டுற அந்த கிளிப்பரை முழுசா எடுத்தேன். சத்தத்தை ஒரே மட்டத்துல வச்சுக்க மெதுவா வேலை செய்யுற ஒரு லெவலர், குரலுக்கு மட்டும் ஏற்ற இறக்கத்தைக் குறைக்குற 3க்கு 1ல ஒரு கம்ப்ரெசர், கடைசியா உச்சம் ஒரு அளவைத் தாண்டாம பார்த்துக்குற ஒரு லிமிட்டர், அவ்வளவுதான். லிமிட்டரை பூஜ்யத்துல வைக்காம மைனஸ் 1.5 டெசிபல்ல வச்சேன், ஏன்னா என்கோடு ஆகித் திரும்ப விரியுறப்போ அலையோட உச்சம் கொஞ்சம் தாண்டும், பூஜ்யத்துல வச்சா அது கேக்குறவர் போன்ல போய் கிளிப் ஆகும், நம்ம மீட்டர்ல அது தெரியவே தெரியாது. பாட்டு மேல பேசும்போது பாட்டு 12 டெசிபல் இறங்குற மாதிரி தானா வேலை செய்ய வச்சிருக்கேன், முன்னாடி ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கையால இறக்கிட்டிருந்தாங்க.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் என்கோடர் பக்கம் போனேன். முன்னாடி ஸ்டூடியோல இருந்து 128 எம்பி3 போயி, சர்வர்ல அதை உடைச்சு 64 ஏஏசியா மாத்திட்டிருந்தாங்க, அதாவது சுருக்கினதை மறுபடி சுருக்குறது. இப்போ ஸ்டூடியோல இருந்து ஃப்ளாக்காவே மேல போகுது, எதையும் இழக்காத சுருக்கம், அப்லோட் 1 எம்பிபிஎஸ் கிட்ட எடுக்கும். சர்வர்ல லிக்விட்சோப் அதை வாங்கி நேரடியா ரெண்டா பிரிக்குது, ஒண்ணு 128 எம்பி3 ஜாயின்ட் ஸ்டீரியோ நிலையான பிட்ரேட், இன்னொண்ணு டேட்டா கம்மியா இருக்குறவங்களுக்கு 64ல ஹெச்இ ஏஏசி முதல் வகை. இதுல மேல் அலைவரிசையை அப்படியே அனுப்பாம கீழ இருந்து திரும்பக் கட்டிக்குற எஸ்பிஆர்னு ஒரு உத்தி இருக்கு, 64ல எம்பி3 தத்தளிக்குற இடத்துல இது தெளிவா நிக்கும். ஏஏசிக்கு ஃப்ரான்ஹோஃபரோட எஃப்டிகே என்கோடரை யூஸ் பண்ணுங்க, எஃப்எஃப்எம்பெக்ங்குற இலவச சாஃப்ட்வேரோட சொந்த ஏஏசி என்கோடருக்கு ஹெச்இ வகை வராது. வெறும் பேச்சு நிகழ்ச்சியா மட்டும் ஓட்டுறவங்க எம்பி3லயே 64 மோனோ போதும், ஒரு சேனலுக்குக் கிடைக்குற பிட் 128 ஸ்டீரியோல கிடைக்குறதும் இதுவும் ஒண்ணுதான்.

இடையில நின்னு நின்னு வர்றதும் ஒரு வகையில சவுண்டு குவாலிட்டிதான். ஸ்ட்ரீமை கேக்குறவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற ஐஸ்காஸ்ட் சர்வர் டிசிபில (தொலைஞ்ச டேட்டாவைத் திரும்ப அனுப்புற முறை) போறதால பாக்கெட் தொலைஞ்சா கரகரன்னு கேக்காது, அப்படியே நின்னு யோசிச்சுட்டு வரும். ஸ்டூடியோ வைஃபைல இருந்துச்சு, ஒரு நெட் கேபிள் இழுத்ததும் முக்கால்வாசி தீர்ந்துடுச்சு. ஐஸ்காஸ்ட்ல பர்ஸ்ட் சைஸ்னு ஒரு செட்டிங், ஒருத்தர் இணைஞ்சதும் முதல்ல மொத்தமா அள்ளிக் குடுக்குற அளவு, டீஃபால்ட் 65536 பைட். 128ல அது 4 நொடி, 64ல 8 நொடி. 128 ஸ்ட்ரீமுக்கு இதை ரெட்டிப்பாக்கினேன், தொடக்கத்துல வர்ற தடுமாற்றம் குறைஞ்சுது, நேரலை கொஞ்சம் பின்தங்கும், பாட்டு ரேடியோவுக்கு அது பரவாயில்ல. ஸ்டூடியோ இணைப்பு அறுந்தா லிக்விட்சோப் தானா சர்வர்ல இருக்குற பாட்டு வரிசைக்குத் தாவிடும், கேக்குறவர் பிளேயர் நிக்காது.

இன்னும் தீராதது வெளியூர்ல இருந்து போன்ல பேட்டி எடுக்குறது. சாதாரண கால்ல பல நேரம் 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் வரும், ஆப் வழியா எடுத்தா அலைவரிசை நல்லா வரும் ஆனா அந்த ஆப்போட இரைச்சல் நீக்கி, எதிர்ல பேசுறவர் பாடிக் காட்டினா அதையும் இரைச்சல்னு நினைச்சு விழுங்கிடுது. இப்போதைக்கு நேரலை இல்லாத பேட்டிகளுக்கு அவங்களையே போன் ரெக்கார்டர்ல பதிவு பண்ணி ஃபைலா அனுப்பச் சொல்றோம், நம்ம பக்கம் கேள்வியை தனியா பதிவு பண்ணி ரெண்டையும் சேர்க்குறோம். ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஒரு தடவை கை தட்டினா சேர்க்குறது சுலபம். நேரலைக்கு ஓபஸ்ங்குற சுருக்க முறையில நேரடியா இணைக்குற ஏற்பாடு ஒண்ணை சோதிச்சுட்டிருக்கேன், பாட வைச்சும் பார்த்துட்டு அது எப்படி வந்துச்சுன்னு தனியா எழுதுறேன்.